குயின்ஸ்டவுன் என்ற இரண்டு ஊர்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஹாலிஎலயில் பகலுக்கும் மாலைக்கும் வேற்றுமை தெரியாது. நமுனுகுல மலை மேகத்துக்குள் போய்விடும். பதுளைக்குப் போகும் கோச்சியின் ஓசை மட்டும் பள்ளத்திலிருந்து எழுந்து வரும். அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில்தான் அந்தப் பையன் கிட்டாரைச் சீனிச்சாக்கில் பொதிந்து தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து ஏறினான்.

அவனை நான் குழந்தைப் பருவம் முதலே அறிவேன். தந்தை கொழும்பில் ஒரு கடையில் வேலை. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டு வேலை. பையன் மேல் லயத்தில் தன் அப்பாயியிடம் வளர்கிறான். பதுளையில் உயர்தரம் படிக்கிறான். கிட்டார், தந்தை புறக்கோட்டையில் பழைய விலைக்கு வாங்கி வந்தது. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாகியும் என்னிடம் ஐயம் கேட்க வரும் ஓரிருவரில் அவனும் ஒருவன்.

“சேர், இந்தப் பாட்டக் கேளுங்க. ஒரு மகன் அப்பாகிட்ட, நாம ஏன் நம்ம ஊர விட்டு வந்தோம்னு கேக்குறான். அப்பா பதில் சொல்றாரு. போன்லதான் புடிச்சேன். அயர்லாந்துப் பாட்டாம்.”

பாடினான். அவனுடைய ஆங்கில உச்சரிப்பில் பிழைகள் இருந்தன, குரலில் இல்லை. ‘ஸ்கிபரீன்’ என்பது அப்பாட்டின் பெயர். அயர்லாந்தின் தென்கோடியிலுள்ள கார்க் மாவட்டத்தில் அப்பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரை விட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்த தந்தை, தன் மகனுக்குச் சொல்லும் விடைதான் பாட்டு முழுவதும். பயிரில் நோய் விழுந்தது. ஆடும் மாடும் மடிந்தன. வரி கட்ட முடியவில்லை. நிலப்பிரபுவும் அதிகாரியும் வந்து கூரைக்குத் தீ வைத்தார்கள். பனியில் விழுந்த உன் தாய் எழவில்லை. இரண்டு வயதுக் குழந்தையான உன்னை மேலங்கிக்குள் பொதிந்துகொண்டு இரவோடிரவாக ஓடிவந்தேன் என்கிறான் தந்தை. நாற்பத்தெட்டாம் ஆண்டுக் கிளர்ச்சியில் அவனும் சேர்ந்திருந்தவன். இவற்றையெல்லாம் கேட்ட மகன், ஒரு நாள் திரும்பிச் சென்று பழி தீர்ப்பேன் என்று சொல்வதோடு பாட்டு முடிகிறது. 

பாடி முடித்த பையன், “ஸ்கிபரீன் எங்க இருக்கு சேர்?” என்றான்.

பழைய நிலப்பட ஏடு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை விரித்தோம். கார்க் மாவட்டத்தில் ஸ்கிபரீனைத் தேடிய என் விரல், கடற்கரையோரமாக நகர்ந்து ஒரு துறைமுகத்தில் போய் நின்றது. அச்சிட்டிருந்த பெயர் கோவ். அதற்கு முந்திய பெயரை நான் எங்கோ படித்திருந்தேன். படித்த நாளில் அது மனத்தில் தைக்கவில்லை. குயின்ஸ்டவுன்!

எங்கள் ஹாலிஎலயில் குயின்ஸ்டவுன் என்றொரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பையனுடைய தாய்மாமன் அந்தத் தோட்டத்துக்காரர். துரைமார் தங்கள் ஊர் நினைவுக்கும் இராணி நினைவுக்குமாக மலைகளுக்கெல்லாம் பெயர் சூட்டிவிட்டுப் போனார்கள். மலையை வெட்டித் திருத்தியவர்கள் தங்கள் வாய்க்கு இசைந்த வேறு பெயர்களை வைத்துக்கொண்டார்கள். அப்பெயர்கள் எந்த நிலப்படத்திலும் ஏறவில்லை.

அயர்லாந்துக் குயின்ஸ்டவுனின் கதை வேறு. 1849 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் விக்டோரியா மகாராணி அத்துறையில் காலடி வைத்தாள் என்பதற்காகக் கோவ் என்ற ஊர் இராணியின் ஊராகப் பெயர் மாறியது. அந்த ஆகஸ்டில் அயர்லாந்தில் பஞ்சம் இன்னும் ஓயவில்லை. ஸ்கிபரீனுக்கு அருகில், அபிஸ்டிரூரி இடுகாட்டின் பொதுக் குழிகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை பெட்டியின்றிப் புதைக்கப்பட்டுக் கிடந்தார்கள். 1848 முதல் 1950 வரை நாட்டை விட்டு வெளியேறிய ஏறத்தாழ 60 இலட்சம் ஐரிஷ் மக்களில் 25 இலட்சம் பேர் இந்த ஒரு துறைமுகத்தின் வழியாகவே போனார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1920 இல்தான் ஊர் தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. 

பையன் நிலப்படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப மாமா வீட்டுலருந்து கப்பல் ஏறியிருக்காங்க” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அயர்லாந்தின் ஏழை உழவனுக்கு உருளைக்கிழங்கு ஒன்றே உணவு. நல்ல நிலமும் அதில் விளைந்த தானியமும் பெரும்பாலும் நிலப்பிரபுக்களுக்குரியவை. 1845 இல் கிழங்குச் செடியின் இலையில் ஒருவகைப் பூசண நோய் பற்றியது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிற்று. அப்பஞ்சத்தில் மாண்டவர் ஏறத்தாழ 10 இலட்சம். கப்பலேறியவர் மேலும் 10 இலட்சம். பட்டினியால் மக்கள் வீழ்ந்துகொண்டிருந்த அதே துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. நோயைக் கொடுத்தது இயற்கை. வாடகை பாக்கிக்காகக் கூரையைப் பிரித்தது இயற்கையன்று. பாட்டு இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருக்கிறது. நோயைப் பற்றி அதில் ஒரே சொல்தான் வருகிறது. கூரையைப் பற்றியோ நீண்ட பேச்சு. பொருளாதாரம் படித்த எத்தனை பேர் இதைத் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறார்கள்!

நமக்கும் ஒரு பூசணம் உண்டு. கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாகப் படியும் அந்த நோயை இலங்கையில் முதன்முதலாக 1869 இல் கண்டது எங்கள் ஊவாவின் மடுல்சீமையில்தான். இருபதாண்டுகளுக்குள் கோப்பி இந்நாட்டில் பெயரளவுக்கு வந்துவிட்டது; மலைகள் தேயிலைக்கு மாறின. இடையில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பசியோடு கிளம்பியவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே வீழ்ந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையக மக்கள் வந்து இருநூறாண்டு ஆனதை முன்னிட்டு 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியை மக்கள் மீண்டும் நடந்தார்கள். முழங்கால் வலியால் நான் போகவில்லை.

இவர்களுக்குப் பாட்டு இல்லாமல் இல்லை. கோப்பிப் பழம் பறித்த பாட்டுகள், கோப்பி அழிந்து நூறாண்டு கழித்தும் தேயிலைக் கொழுந்து பறித்த பெண்களின் வாயில் இருந்தன. அப்பழத்தைக் கண்ணால் காணாதவர்கள் அதைப் பாடினார்கள். பிள்ளையைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போன தாயின் தாலாட்டு, கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டதற்கான ஏச்சு, கங்காணியின் மீசையைப் பற்றிய கேலி, காமன் கூத்து, சாவு வீட்டு ஒப்பாரி, எல்லாம் இருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகத் தேடி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று ஒரு தொகுப்பைத் தந்தார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர் அவர். தம்மைத் தெரிந்தெடுத்த மக்கள் அடுத்த ஆண்டே குடியுரிமை இழந்ததை அம்மன்றத்தில் அமர்ந்தபடியே கண்டவர். அதற்கு முன்னரே கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டைத் தொழிற்சங்க மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இலங்கையில் இந்தியர் நிலைமையைப் பற்றி மீனாட்சியம்மை இயற்றிய பாடல்கள் 1940 இல் சிறு நூலாக வந்தன. கூட்டத்தில் அவர் பாடத் தொடங்கியதும் பேச்சைக் கேட்க வராதவர்களும் வந்து நின்றார்களாம். எங்கள் தந்தையார் காலத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அயர்லாந்துப் பாட்டுகளில் ‘ஆர்தர் மெக்பிரைட்’ என்பதையும் பையன் எனக்குக் கேட்கக் கொடுத்தான். பாடுபவர் பால் பிரேடி; 1976 இல் வெளிவந்த இசைத்தட்டில் கிட்டாரோடு பாடியது. இரண்டு இளைஞர்கள் கிறிஸ்துமஸ் காலையில் கடற்கரையில் உலாவுகிறார்கள். படைக்கு ஆள் சேர்க்கும் சார்ஜன்ட் எதிர்ப்படுகிறான். நல்ல உடை, முன்பணம், நல்ல சாப்பாடு, ஊர் மதிக்கும் வாழ்வு என்று ஆசை காட்டுகிறான். இளைஞர்களோ, உன் உடை உனக்குச் சொந்தமில்லை, உன் முதுகும் உனக்குச் சொந்தமில்லை என்ற பாங்கில் விடை சொல்கிறார்கள். சண்டை மூள்கிறது; படையினரின் முரசு கடலில் மிதக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு நம் கங்காணிதான் கண்முன் வந்து நின்றான். தலைப்பாகையும் வெள்ளிப் பூண் பிடித்த தடியுமாக ஊருக்குத் திரும்பி வந்து, தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் இருக்கிறது என்று சொன்ன அதே ஆள். முன்பணம் கொடுத்தவன் அதையே கடனாக எழுதி, துண்டுச் சீட்டில் ஆளைக் கட்டிப்போட்டான். 1921 இல் சட்டம் வந்துதான் துண்டு முறை ஒழிந்தது. கங்காணியின் தடியைப் பிடுங்கிக் கடலில் எறிந்த ஒரு பாட்டு நம்மிடம் இருந்திருக்குமா? நம்மிடம் எழுதி வைக்கப்பட்டவற்றில் கேலி இருக்கிறது, அழுகை இருக்கிறது, எறிதல் அரிது. எழுத வந்தவர்களுக்குப் பாடிக் காட்ட அஞ்சிய பாட்டுகளும் இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

அயர்லாந்து என்றவுடன் அடிமைப்பட்டோரின் நாடு என்று மட்டும் உருகிவிடுவதும் சரியன்று. 1919 இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபோது பஞ்சாபை ஆண்ட மைக்கேல் ஓ’ட்வையர் திப்பரேரி மாவட்டத்து ஐரிஷ்காரன். மறுஆண்டு ஜலந்தரிலும் சோலனிலும் இருந்த கனாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவினர், தம் நாட்டில் ஆங்கிலப் படை செய்த கொடுமையைக் கேள்வியுற்று ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஜேம்ஸ் டேலி என்ற இளைஞன் 1920 நவம்பர் 2 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். தூக்கிலிடும் கையையும் மடியும் உடலையும் ஒரே நாடு இந்தியாவுக்கு அனுப்பியது. பாட்டு யாருடைய பக்கத்தில் நின்றது என்பதை வைத்துத்தான் நான் அதை மதிக்கிறேன்.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. ஐரிஷ் மெட்டு தமிழ்நாட்டுக்கு வந்தது கைப்பேசியில் அன்று. இருநூறாண்டுகளுக்கு முன்னரே சென்னைக் கோட்டையில் கும்பினிப் படையின் வாத்தியக் குழு அதை முழக்கிற்று. மணலியில் வளர்ந்த முத்துசுவாமி தீட்சிதர் அவ்வாத்தியங்களைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வப் பாடல்கள் புனைந்தார். நோட்டு சுவரம் என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றுள் ‘வந்தே மீனாக்ஷி’ என்பதன் மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற ஐரிஷ் பாட்டு. மாலோவும் அதே கார்க் மாவட்டத்து ஊர்தான்! அங்கே குடித்துக் கூத்தாடும் மைனர்களின் பாட்டு, இங்கே மதுரை அம்மனின் துதியாகிச் சிறுவர்க்கு இசை கற்பிக்கப் பயன்படுகிறது. மெட்டுக்குச் சாதியும் இல்லை, மானமும் இல்லை போலும். ஆனால் கோட்டை வாசலில் ஆள்வோரின் பித்தளைக் குழலிலிருந்து இறங்கிய மெட்டு அது. பஞ்சத்தில் கூரை எரிந்தவனுடைய குரல் அவ்வழியே வர முடியாது. அது ஹாலிஎல வந்து சேர இன்னும் இருநூறு ஆண்டு காத்திருந்தது.

அக்குரல் எப்படி அழியாமல் இருந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. அயர்லாந்தின் பழைய பாட்டுமுறைக்கு ‘ஷான் நோஸ்’ என்று பெயர். பழைய வழக்கம் என்பது பொருள். அதில் வாத்தியமே கிடையாது. ஒருவர் உட்கார்ந்து, பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு, தாளக்கட்டில் அடங்காமல், சொல்லை இழுத்தும் நெளித்தும் பாடுவார். பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. நம் ஒப்பாரிக்காரர்கள் தோளோடு தோள் சேர்ந்து ஆடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் அந்நாட்டுக் கருவியன்று. அது ஐரிஷ் பாட்டோடு பரவலாகச் சேர்ந்தது 1950 களிலும் 1960 களிலும்தான். அதுவும் அமெரிக்கா சென்று திரும்பி வந்து. திப்பரேரியைச் சேர்ந்த கிளான்ஸி சகோதரர்களும் ஆர்மா மாவட்டத்து டாமி மேக்கமும் நியூயார்க்கில் கிட்டாரும் பாஞ்சோவும் வைத்துக்கொண்டு பாடி, 1961 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு, அயர்லாந்தின் நகரத்து இளைஞர்களுக்கே தங்கள் பாட்டியின் பாட்டு மதிப்புடையதாகத் தெரிந்தது. வெளியூர்க்காரன் கை தட்டிய பிறகுதான் வீட்டுப் பொருள் கண்ணுக்குத் தெரியும் என்ற குணம் நமக்கு மட்டும் உரியதன்று.

டாமி மேக்கமின் தாய் சாரா மேக்கம் கீடி என்ற ஊரில் வாழ்ந்தவர்; இளமையில் லினன் ஆலையில் வேலை செய்தவர். அடுப்படியில் வேலை செய்துகொண்டே நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பாடியவர். 1950 களில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தவர்கள் அவர் சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள், பி. பி. சி. வானொலியின் நாட்டுப்பாட்டு நிகழ்ச்சி ஒன்று வாரந்தோறும் அவர் குரலோடுதான் தொடங்கியது. அதற்கும் முன்னே, 1935 இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணைக்குழுவொன்றை அமைத்தது. அதன் ஆட்கள் மிதிவண்டியில் மெழுகு உருளைப் பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். ஷேமஸ் என்னிஸ் என்ற இளைஞர் 1942 முதல் 1947 வரை அவ்வாறு அலைந்து பாட்டும் மெட்டும் சேர்த்தார். ஏழை அரசு, உருளை வாங்கப் பணமில்லை. ஆகவே பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு மெழுகைச் சீவிவிட்டு, அதே உருளையில் அடுத்தவரைப் பதிவார்கள். எத்தனையோ குரல்கள் சீவலாகப் போய்விட்டன. சொற்கள் மட்டும் தாளில் நின்றன. அவர்களிடம் மெழுகு இல்லை. எங்களிடம் எது இல்லாமலிருந்தது? பேனாவும் கொப்பியும் என் சட்டைப்பையிலேயே இருந்தன.

அந்தக் கதையை இனியும் ஒளிக்க முடியாது.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் எங்கள் மக்கள் எண்களாகப் பங்கிடப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணில் ஒன்றாக என் அக்காளும் அத்தானும் அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் 1974 இல் புறப்பட்டார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த எனக்கு இலங்கை, அவளுக்கு இந்தியா. மலையகத்திலிருந்து தலைமன்னார் போன கோச்சிக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அங்கிருந்து இராமானுஜம் என்ற கப்பல் இராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோகும்.

பஞ்சத்துக்குப் பிந்திய அயர்லாந்திலும் இப்படி ஓர் இரவு இருந்தது. மறுநாள் கப்பலேறப் போகும் மகனுக்கோ மகளுக்கோ முதல் நாள் இரவு வீட்டில் ஊர் கூடும். சாவு வீட்டில் விழித்திருப்பது போல் விடிய விடிய விழித்திருப்பார்கள். பாடுவார்கள், ஆடுவார்கள், விடியலில் தாய் ஒப்பாரி வைப்பாள். போகிறவர் உயிரோடுதான் இருக்கிறார். இனிப் பார்க்கப் போவதில்லை என்பதால் சாவுச் சடங்கு. ‘அமெரிக்க விழிப்பு’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். அதைப் பற்றி நான் படித்தபோது என் கை நடுங்கிற்று. அந்த இரவு எங்கள் காம்பராவில் நடந்திருக்கிறது.

அக்காள் புறப்படும் முதல் நாள் இரவு. லயத்துப் பெண்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். இரண்டு தகரப் பெட்டிகளும் ஒரு பாய்ச்சுருளும் நடுவில் இருந்தன. அம்மா அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். அதுவரை நான் கேட்காத பாட்டு. அந்த நேரத்திலேயே அவள் கட்டியது. எந்தெந்த மலையில் மகள் அவளோடு கொழுந்து பறித்தாள், எந்த இலக்க மலையில் அட்டை கடித்தது, எந்தப் பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கினார்கள், பிள்ளைக் காம்பராவில் எந்த மூலையில் தொட்டில் கட்டினார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். கையெழுத்துப் போட்ட பெரியவர்களையும் விடவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பினீர்களா என்று கேட்டாள். மற்றப் பெண்கள் ஒவ்வோர் அடியின் முடிவிலும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை மாணவன். சங்க இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். முற்போக்குக் கூட்டங்களுக்கும் போவேன். மக்கள் கலையைப் பற்றி ஒரு கட்டுரை கூட எழுதியிருந்தேன். அன்று என்னோடு பதுளையிலிருந்து இரு நண்பர்கள் விடை சொல்ல வந்திருந்தார்கள்; படித்த குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் முன்னே என் தாய் தலைவிரி கோலமாக, தோட்டத்துப் பேச்சில் அழுது பாடுவது எனக்குத் தாங்க முடியவில்லை. “உயிரோட இருக்கவளுக்கு எதுக்கும்மா ஒப்பாரி? நிறுத்தும்மா, கேக்குறவங்க சிரிப்பாங்க” என்றேன்.

அவள் நிறுத்தினாள். ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பில் தேநீருக்கு நீர் வைத்தாள். நண்பர்கள் சிரிக்கவில்லை என்பதையும் நான் கண்டேன். அக்காள் கூடலூரில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து அங்கேயே மறைந்தாள். அம்மா 1991 இல் இறந்தாள். இடையில் பதினேழு ஆண்டுகள். அப்பாட்டை இன்னொரு முறை பாடும்மா, எழுதிக்கொள்கிறேன் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. ஆசிரியனான பிறகும் பாடசாலைக் கலைவிழாவுக்குத் தோட்டத்துப் பாட்டைக் கொண்டுவந்த பிள்ளைகளை, ‘நல்ல தமிழில்’ ஏதாவது பாடு என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பையன் மறுவாரமும் வந்தான். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் சற்று யோசித்து, “எங்க அப்பாயி அன்னைக்கி அங்க இருந்திருப்பாங்களே சேர்” என்றான். எனக்கு அது தோன்றவேயில்லை! ஐம்பது ஆண்டு காலம் இரண்டு லயம் தள்ளி இருந்த ஒருவரைப் பற்றி!

ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்துக்குப் போனோம். அக்காளுக்கு எண்பத்தைந்து வயதிருக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் சுளித்தாள். “வெளக்கு வக்கிற வீட்டுல அதப் பாடக்கூடாது தம்பி. ஆகாது” என்றாள். வேண்டுமென்றால் வெளியே வருகிறேன் என்றாள். மழை விட்டிருந்தது. பழைய பிள்ளைக் காம்பராவின் திண்ணையில் போய் அமர்ந்தோம். பையன் கிட்டாரை மடியில் வைத்தான்.

அவள் மெல்லிய குரலில் ஓர் இழுவை இழுத்தாள். என் தாயின் இழுவை அது. பையன் தனக்குத் தெரிந்த சுரக்கூட்டு ஒன்றைப் பிடித்து மீட்டினான். பாட்டு உடனே சுருங்கிவிட்டது. கிட்டார் ஒரு பக்கம் இழுத்தது. அவள் குரல் இரண்டு சுரங்களுக்கு நடுவே ஓர் இடத்தில் நின்றது. அந்த இடம் கிட்டாரின் கட்டைகளில் இல்லை. வேறு கூட்டைப் பிடித்தான், அதுவும் ஒட்டவில்லை. “ஒன்னோட பொட்டி என்னப் பாடவுட மாட்டேங்குது” என்று அவள் நிறுத்தினாள். வாத்தியமில்லாப் பாட்டுக்குக் கிட்டாரைக் கொண்டுவந்தபோது அயர்லாந்தின் பழைய பாடகர்களும் இப்படித்தான் குறைப்பட்டிருப்பார்கள். சுரக்கூட்டு ஒரு கூண்டு. எந்த இடத்தில் மகிழ வேண்டும், எந்த இடத்தில் அழ வேண்டும் என்று அதுவே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

பையனுக்கு ஏதோ நினைவு வந்தது. ஆறாவது கம்பியைத் தளர்த்தினான். பிறகு இரண்டாவதையும் முதலாவதையும். டேவி கிரஹம் என்ற ஆங்கிலேயர் 1960 களில் பரப்பிய சுருதிமுறையாம் அது. பின்னர் ஐரிஷ் கலைஞர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆறு கம்பிகளில் மூன்று ஒரே சுரத்தில், இரண்டு அதன் பஞ்சமத்தில் நிற்கும். இடக்கையால் ஒன்றையும் அழுத்தாமல் மீட்டினால் தம்புராவைப் போல ஒரே ரீங்காரம். அது மகிழ் என்றும் சொல்லாது, அழு என்றும் சொல்லாது. பையன் இடக்கையை எடுத்துவிட்டு, கட்டை விரலால் மட்டும் மெதுவாக மீட்டிக்கொண்டிருந்தான்.

“கம்பிய அவுத்து விட்டுட்டியா? இப்பச் சரி” என்று அக்காள் மறுபடி இழுத்தாள்.

இலக்க மலைகள் வந்தன. அட்டை வந்தது. பாலத்தடி வந்தது. பையன் கைப்பேசியைத் திண்ணையில் வைத்திருந்தான். நான் கொப்பியைத் திறந்து வைத்திருந்தேன், ஆனால் எழுத்து ஓடவில்லை. தொட்டில் கட்டிய மூலைக்கு வந்தாள். நாங்கள் உட்கார்ந்திருந்த சுவருக்கு அப்பால்தான் அந்த மூலை. அதற்குமேல் நான்கு அடி பாடினாள், கப்பல் பேச்சு தொடங்கிற்று, சட்டென்று நின்றுவிட்டாள்.

பையன் மீட்டுவதை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, “மிச்சம் என்ன அப்பாயி?” என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். “அவ்வளவுதான். அதுக்கு மேல ஒங்கம்மா பாடல தம்பி. நீதான நிறுத்தச் சொன்ன?”

சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, கீழ் லயத்தில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள், அவள் மகளைக் கோச்சி ஏற்றிய அன்று விடியும்வரை பாடினார்கள், யாரும் தடுக்கவில்லை, ஆனால் அவளுக்கு இப்போது காது கேட்காது, பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்றாள். பையன் கைப்பேசியில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று பார்த்தான். நான் கொப்பியை மடித்து வைத்துக்கொண்டு எழுந்தேன். கீழ் லயத்துக்கு இறங்கும் படிகள் மழையில் வழுக்கும். பையன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் அப்பாயியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டான்.